கித்தாவும் கித்தாரும்

திருவிழா இரவில் தோட்டத்து மேடையில் இசைக்குழு ஏறிவிட்டால் எல்லார் கண்ணும் பாடகர் மீதுதான். அவரை விட்டால் கீபோர்டு வாசிப்பவர். அவரையும் விட்டால் ஆறு கம்பிக் கித்தாரைத் துள்ளித் துள்ளி வாசிக்கும் இளைஞர். டிரம் செட்டுக்குப் பக்கத்தில், வெளிச்சம் சரியாகப் படாத மூலையில், நீண்ட கழுத்துள்ள ஒரு கித்தாரைப் பிடித்துக்கொண்டு அதிகம் அசையாமல் ஒருவர் நிற்பாரே, அவரை யார் பார்க்கிறார்கள்? அவர் கித்தாரில் நான்கே கம்பிகள். அவர் வாசிப்பது தனியாகக் காதில் விழுவதும் அபூர்வம். ஆனால் அவர் இரண்டு அடி நேரம் கையை எடுத்துவிட்டால் போதும், பாட்டு அந்தரத்தில் தொங்கும். ஆடிக்கொண்டிருந்த கால்கள் தடுமாறும். அவர் கையில் இருப்பதுதான் பேஸ் கித்தார்.

நம் பெரியவர்கள் ரப்பரைக் 'கித்தா' என்பார்கள். மலாய்க்காரர்களின் 'கெத்தா' நம் வாயில் கித்தாவாயிற்று. கித்தாவுக்கும் கித்தாருக்கும் எழுத்தில் ஒரு 'ர்'தான் வித்தியாசம். இதை வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், வாசகர்களே! பிரிட்டனில் மின்சாரக் கித்தாரும் பேஸும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபையரும் செய்யும் தொழில் தலையெடுத்த கதையில், நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பாலும் கலந்திருக்கிறது. அந்தக் கதையையும், உங்கள் மகனோ மகளோ "எனக்கு ஒரு பேஸ் வேணும்பா" என்று வந்து நின்றால் தெரிந்திருக்க வேண்டிய சில காரியங்களையும் இங்கே சொல்லப் போகிறேன்.

நான்கு கம்பியின் வேலை

உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பேஸ் என்றால் என்னவென்று நீட்டி விளக்கத் தேவையில்லை. உறுமியின் அந்த அடி ஒலி காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடும் அல்லவா? தவிலில் தொப்பிப் பக்கமும் மிருதங்கத்தில் இடப்பக்கமும் செய்யும் வேலையும் அதுதான். பேஸ் கித்தார் அந்த வேலையைச் சுரத்தோடு செய்கிறது. அதன் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். சாதாரணக் கித்தாரின் தடித்த கம்பி அதைப்போல் இரு மடங்கு, அதாவது 82 தடவை அதிரும்.

இவ்வளவு தாழ்ந்த ஒலியை வெறும் மரப்பெட்டியால் எழுப்ப வேண்டுமானால் ஆள் உயரத்துக்கு வாத்தியம் வேண்டும். மேல்நாட்டு வாத்தியக் குழுக்களில் நின்றுகொண்டு வாசிக்கும் டபிள் பேஸ் அப்படிப்பட்டதுதான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல், தோளில் மாட்டிக்கொள்ளும்படியான மின்சார பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கட்டை வயிறு போய், அந்த இடத்துக்குப் பிக்அப்பும் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வந்தன.

பிக்அப் என்பது பார்வைக்கு ஒரு சிறு தீப்பெட்டிதான். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைப் போல் மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. செம்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. இந்த உண்மையை 1831-இல் லண்டனில் கண்டு சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகன் அவர். சிறு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானார். நைலான் கம்பி போட்ட கித்தாருக்கு இந்தப் பிக்அப் ஏன் வேலை செய்யாது என்பது இப்போது விளங்கும். நைலானுக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை.

அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கித் தருவது ஆம்ப்ளிஃபையர். அந்நாளில் அதன் உயிர் வால்வுகளில் இருந்தது. பழைய ரேடியோவின் பின்பக்கம் சிவப்பாய்க் கனன்றுகொண்டிருக்குமே கண்ணாடிக் குமிழ், அதுதான் வால்வு. அதன் முதல் வடிவத்தை 1904-இல் லண்டன் பேராசிரியர் ஃபிளெமிங் உருவாக்கினார். அமெரிக்கரான டி ஃபாரஸ்ட் அதற்குள் ஒரு வலையைச் சேர்த்த பிறகே ஒலியைப் பெருக்கும் சக்தி அதற்கு வந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். கெத்தா என்ற சொல் நம் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே லண்டனுக்குப் போய்விட்டது. ஜொகூர்க் காடுகளில் இருந்த கெத்தா தாபான் மரத்தின் பால் 1840களில் அங்கே போய்ச் சேர்ந்தது. தண்ணீர் புகாத அந்தப் பாலைத்தான் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இட்டார்கள். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் அந்த வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். மின்கம்பிக்கு முதன்முதலில் நல்ல சட்டை போட்டுவிட்டதில் ஜொகூர்க் காட்டுக்குப் பங்கு உண்டு. நாம் வெட்டிய பால்மரம் அதற்குப் பின்னால் வந்தது.

டாலர் பஞ்சம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து எது வாங்குவதானாலும் டாலர் வேண்டும்; கையில் டாலர் இல்லை. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பை 4 டாலர் 3 காசிலிருந்து 2 டாலர் 80 காசுக்கு இறக்கினார்கள் என்றால் நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்த நேரத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழிருந்த நாடுகளிலேயே மிக அதிகமாக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. எப்படி? அமெரிக்கக் கார்களுக்கு டயர் வேண்டும்; டயருக்கு ரப்பர் வேண்டும். நம் ரப்பரையும் ஈயத்தையும் அமெரிக்கா வாங்கியது. வந்த டாலர் லண்டனில் இருந்த பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. 1950-இல் கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை ஏறியபோது அந்தக் கணக்கு இன்னும் பருத்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, காண்டாவில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களுக்கு, தாங்கள் லண்டனின் கஜானாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படிச் சேர்ந்த டாலரை லண்டன் அரசாங்கம் உணவுக்கும் எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் மட்டும் எண்ணி எண்ணிக் கொடுத்தது. கித்தார் வாங்குவதற்கு டாலர் தருவார்களா? 1950களில் பெரும்பகுதியும் அமெரிக்க வாத்தியங்கள் பிரிட்டனுக்குள் இறக்குமதியாகவில்லை. தடை தளர்ந்தது 1959-இல்தான். அந்த ஆண்டு பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தம் குழுவின் கித்தார் வாசிப்பாளர் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபெண்டர் கித்தாரை வரவழைத்தார். அது வந்து இறங்கியதை அந்நாட்டு இசைக்காரர்கள் இன்றும் ஒரு சரித்திர சம்பவம் போலப் பேசுகிறார்கள்.

தடை இருந்தால் என்ன, ஆசை தடைப்படுமா? பையன்களுக்கு மின்சாரக் கித்தார் வேண்டும், கடையில் இல்லை. ஆகவே செய்யத் தெரிந்தவர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் கித்தார்த் தொழில் இப்படித்தான் வேர்விட்டது.

பட்டறைக்காரர்கள்

இவர்கள் யாரும் பெரிய ஆலை முதலாளிகளாகத் தொடங்கவில்லை. சார்லி வாட்கின்ஸ் போர்க்காலத்தில் கப்பலில் வேலை செய்தவர், அக்கார்டியன் வாசிப்பவர். 1949-இல் தென் லண்டன் டூட்டிங் சந்தையில் ஒரு சின்னக் கடை போட்டார். 1958-இல் 'காப்பிகேட்' என்ற எதிரொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒலிநாடாத் துண்டு ஒன்று உள்ளே சுற்றிச் சுற்றி வந்து, பாடுவதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். நம்மூர் மேடைகளில் "எக்கோ வையுங்க" என்று பாடகர்கள் கேட்பார்களே, அந்தப் பழக்கத்துக்கு மூதாதை இதுதான். வாட்கின்ஸ் குடும்பத்தார் செய்த மலிவான 'ரேப்பியர்' கித்தார்தான் பல தொழிலாளி வீட்டுப் பையன்களின் முதல் கித்தாராக இருந்தது.

கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸ் என்ற வணிகரும் டிக் டென்னி என்ற கித்தார் வாசிக்கத் தெரிந்த தொழில்நுட்பக்காரரும் சேர்ந்து 'வாக்ஸ்' ஆம்ப்ளிஃபையர்களைச் செய்தார்கள். முதலில் 15 வாட். கிளிஃப் ரிச்சர்டின் 'ஷாடோஸ்' குழு வாசிக்கும் இடங்களில் ரசிகைகள் போட்ட கூச்சலில் 15 வாட் கரைந்து போயிற்று. 1959-இல் 'ஏ.சி. 30' வந்தது. நான்கு இ.எல். 84 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், கனமோ 30 கிலோவுக்கு மேல். பீட்டில்ஸ் குழுவும் பிறகு வாக்ஸ் பெட்டிகளோடுதான் உலகம் சுற்றியது. அதில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னியின் கையில் இருந்தது மட்டும் ஜெர்மன் ஹோஃப்னர். 1961-இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு வாங்கியது. அந்த பேஸ் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருட்டுப் போய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டு அவரிடமே திரும்பியது. அந்தச் செய்தி 2024-இல் வெளிவந்தது.

ஜிம் பர்ன்ஸ் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1960 வாக்கில் 'பர்ன்ஸ் லண்டன்' என்ற பெயரில் கித்தார்களும் பேஸ்களும் செய்தார். கொம்பு வளைந்த காட்டெருமையைப் போன்ற 'பைசன்' பேஸ் அவர் கைவண்ணம். பிக்அப்பும் அவரே வடிவமைத்தார். 'ட்ரை-சானிக்' என்று பெயர். 1963-இல் லண்டன் பள்ளி மாணவன் ஒருவன் தன் தந்தையோடு சேர்ந்து, பழைய அடுப்பங்கரைச் சட்டத்து மரத்தில் வீட்டிலேயே ஒரு கித்தார் செய்யத் தொடங்கினான். அதில் பொருத்தியவை இந்தப் பர்ன்ஸ் பிக்அப்கள்தாம். அந்தப் பையன் பிரையன் மே. பின்னாளில் 'குவீன்' குழுவின் கித்தார் வாசிப்பாளர். இன்றும் அதே கித்தாரைத்தான் வாசிக்கிறார். ஆனால் பர்ன்ஸுக்கு வாத்தியம் செய்யத் தெரிந்த அளவுக்குக் கணக்கு வழக்குப் பார்க்கத் தெரியவில்லை. கடன் ஏறி, 1965-இல் கம்பெனி அமெரிக்க பால்ட்வின் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகும் இரண்டு தடவை எழுந்து நிற்கப் பார்த்தார், நிற்க முடியவில்லை. 1998-இல் மறைந்தார்.

மார்ஷல் என்ற பெயரை நம் பிள்ளைகள் டி-ஷர்ட்டில்கூடப் பார்த்திருப்பார்கள். ஜிம் மார்ஷல் சிறு வயதில் எலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் மாவுக்கட்டில் கிடந்தவர். பின்னர் டிரம் வாசித்து, டிரம் சொல்லிக் கொடுத்து, மேற்கு லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்தார். கடைக்கு வந்த பையன்கள் கேட்டார்களென்று 1962-இல் தம் ஆட்களை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தார். அதற்கு மாதிரியாக வைத்துக்கொண்டது அமெரிக்க ஃபெண்டரின் 'பேஸ்மேன்'. பெயரே சொல்கிறது, அது பேஸ் கித்தாருக்காகச் செய்யப்பட்ட பெட்டி. கடைசியில் மார்ஷல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பேஸ் வாசிப்பவர்கள் அல்லர், ஆறு கம்பிக்காரர்கள்! பேஸுக்கென்றே தனியாக யோசித்து ஆம்ப்ளிஃபையர் செய்த 'ட்ரேஸ் எலியட்' பிரிட்டனில் தோன்ற 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே எழுபதுகளில் ஹை விக்கம் பகுதியில் இயன் வாலரும் பீட் ஸ்டீவன்ஸும் 'வால்' என்ற பேஸைக் கையாலேயே செய்தார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிச் சுருள் வைத்த பிக்அப் அதற்கு. இன்றைக்கும் அதை வாங்கக் காத்திருப்போர் வரிசை நீளமானது. விலையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

கடல் கடந்து ஜொகூருக்கு

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து ஹேப்பி வோர்ல்ட் ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். மூன்று கித்தார், ஒரு டிரம். வாத்தியக் கோஷ்டி என்றால் வயலின், அக்கார்டியன், டிரம்பெட் என்று இருந்த காலம் அது. நான்கே பேர் இவ்வளவு சத்தமும் இவ்வளவு இனிமையும் எழுப்ப முடியும் என்பதைச் சிங்கப்பூர், மலாயா இளைஞர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். அந்த மேடையில் பேஸ் வாசித்தவர் ஜெட் ஹாரிஸ். பிரிட்டனில் ஃபெண்டர் பேஸைக் கையில் எடுத்த முதல் சிலரில் அவர் ஒருவர்.

அதன் பிறகு புற்றீசல் போலக் குழுக்கள் கிளம்பின. மலாய் இளைஞர்களின் குழுக்களுக்குக் 'கூகிரான்' என்று பெயர் வந்தது. 'கும்புலான் கித்தார் ரன்சாக்' என்பதன் சுருக்கம். விறுவிறுப்பான கித்தார்க் குழு என்று பொருள். பீட்டில்ஸ் பாட்டில் வந்த 'யே யே' ஒட்டிக்கொண்டு 'பாப் யே யே' என்றும் சொன்னார்கள். ஒரு முன்னணிக் கித்தார், ஒரு தாளக் கித்தார், ஒரு பேஸ், ஒரு டிரம், ஒரு பாடகர் என்ற அமைப்பு அப்படியே ஷாடோஸ் பாணி. இசைத்தட்டுப் பதிவெல்லாம் சிங்கப்பூரில். ஜொகூர் பாரு பையன்களுக்குச் சிங்கப்பூர் எட்டிப்பிடிக்கும் தூரம்தானே. 1924-இல் திறந்த பாலம் இருக்கிறது. பிரிட்டிஷ் படைகள் 1971-இல் விலகும்வரை சிங்கப்பூரில் இருந்த அவர்களுடைய பொழுதுபோக்கு மன்றங்களும் உள்ளூர்க் குழுக்களுக்கு வாசிக்க இடம் கொடுத்தன. அக்குழுக்களில் பேர் வாங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' குழுவில் முன்னணிக் கித்தார் வாசித்த ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளியினர்.

பிரிட்டிஷ் பெட்டிகளுக்கு இங்கே ஒரு வசதியும் இருந்தது. நம் நாட்டு மின்சாரம் அந்நாளில் பிரிட்டனைப் போலவே 240 வோல்ட், 50 சுழற்சி. பிளக்கும் அதே மாதிரி. கப்பலில் இறங்கிய வாக்ஸை அப்படியே சுவரில் செருகலாம். அமெரிக்கப் பெட்டிக்கு 117 வோல்ட் வேண்டும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்காவிட்டால் புகைதான் மிஞ்சும்.

பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழு 1970களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாடல்களில் நாடறிந்த பெயராயிற்று. 2007-இல் லோகா மறைந்தபோது எல்லா இனத்தாரும் வருந்தினார்கள். ஜொகூரின் பங்கு 1981-இல் ஜொகூர் பாருவில் தோன்றிய 'சர்ச்' ராக் குழு. அவர்களுடைய 'இசபெல்லா' பாட்டு 1989-இல் இந்தோனேசியா வரை பரவியது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களிலும் நம் பிள்ளைகள் அதை முணுமுணுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா கித்தார்க்காரர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கித்தார்த் தேர்வில் தேறியவர். அவருடைய பாடல்களில் பேஸ் பின்னால் நின்று தாளம் மட்டும் போடுவதில்லை. பாடகர் ஒரு பக்கம் போனால் அது இன்னொரு பக்கம் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன். நம் நாட்டில் பிறந்து சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவனின் குரல் கம்பீரமாக ஒலிக்கும் எத்தனையோ பாட்டுகளைத் தாங்கி நிற்பது அந்த நான்கு கம்பிதான். ஏ. ஆர். ரகுமான் காலத்தில் கீத் பீட்டர்ஸ். ரகுமான் மேடையில் பேஸ் வாசித்துப் பேர் வாங்கிய மோகினி டே ஒரு பெண். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கனமான வாத்தியம் என்று கேட்கும் தாத்தாக்களுக்கு அவரைக் காட்டுங்கள்.

வாங்குவதற்கு முன்

பிள்ளை கேட்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே என் கட்சி. இசைக்குழுக்களில் பாட ஆசைப்படுவோர் பத்துப் பேர். முன்னணிக் கித்தார் வாசிக்க ஐந்து பேர். பேஸுக்கு ஆள் தேடி அலைவார்கள். உருப்படியாக வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு நிகழ்ச்சிகள் கிடைக்கும்.

ஆனால் பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். வாக்ஸ் 1992 முதல் ஜப்பானிய கோர்க் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மார்ஷல் 2023-இல் ஸ்வீடன்காரர்கள் கைக்குப் போயிற்று. லண்டன் பெயர் பொறித்த மலிவு விலைப் பொருள்களில் பெரும்பாலானவை சீனாவிலும் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் செய்யப்பட்டவை. அதில் குறை ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவில் செய்த முதல் பேஸ் உங்கள் பிள்ளைக்குப் பத்து வருஷம் உழைக்கும். "ஒரிஜினல் இங்கிலாந்து" என்று சொல்லி இரண்டு மடங்கு வெள்ளி கேட்டால் மட்டும், பெட்டியின் பின்புறத் தகட்டில் செய்த நாடு எதுவென்று படித்துப் பாருங்கள். பழையதாக வாங்கினால் நான்கு கம்பிகளும் ஒரே அளவு சத்தம் தருகின்றனவா, குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா, கழுத்து வில்லாக வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவது நலம். கித்தாருக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையரில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துவிடும். பேஸ் ஆம்ப்ளிஃபையரே வாங்குங்கள்.

பழைய வால்வுப் பெட்டி ஒன்று யார் வீட்டிலோ கிடக்கிறது, மலிவாகத் தருகிறார்கள் என்று வந்தால், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். அதற்குள் ஓடுவது 240 வோல்ட் அல்ல. 300-லிருந்து 500 வோல்ட் வரை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரோடு உள்ளே கை விடுவது பிள்ளை விளையாட்டல்ல. பின்பக்கம் வோல்ட் மாற்றும் திருகு இருந்தால் அது 240-இல் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரைப் பொருத்தாமல் பெட்டியை முடுக்கக் கூடாது, டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். பேஸ் பெட்டிகள் சில சமயம் 'உம்' என்று முனகும். நம் மின்சாரத்தின் 50 சுழற்சிதான் அந்த முனகல். பேஸில் 'ஜி' சுரம் 49. கிட்டத்தட்ட அதே ஒலி. ஆகவே முனகல் பாட்டோடு கலந்து எரிச்சலூட்டும். சில 'கைகாரர்கள்' பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியை வெட்டிவிடுவார்கள். முனகல் நின்றுவிடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். அந்த எர்த் கம்பிதான் பெட்டியில் எங்காவது மின்சாரம் கசிந்தால் அதைத் தரைக்குக் கடத்துவது. அது இல்லாவிட்டால் கசிவு கித்தார் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். அவர் உதடு மைக்கைத் தொட்டால் உடம்பு வழியாகப் பாயும். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார்க்காரர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு எல்லார் கண்ணெதிரிலும் மாண்டார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் வீட்டிலேயே கித்தார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். கெட்டிக்காரர்கள், அனுபவசாலிகள்; அவர்களுக்கே அந்தக் கதி.

நம் கோயில் மேடைகளை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் பெய்த மழையில் ஈரத் தரை, வேண்டுதலுக்காக வெறுங்கால், வாடகை ஜெனரேட்டர், இருபது முப்பது கெஜம் இழுத்த வயர், நடுவில் டேப் சுற்றிய ஒட்டு. திருவிழாக் கமிட்டியார் நிகழ்ச்சிக்கு முன்னால் தகுதி பெற்ற மின்சாரப் பணியாளர் ஒருவரை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே வெட்டிவிடும் சாதனத்தைப் பொருத்தச் சொல்லுங்கள், கடையில் 'ஆர்.சி.டி.' என்றோ 'இ.எல்.சி.பி.' என்றோ கேட்டால் கொடுப்பார்கள். வாணவேடிக்கைச் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல. வாசிப்பவர்கள் ரப்பர் அடி வைத்த செருப்போ சப்பாத்தோ போட்டுக்கொள்ளட்டும். எர்த்துக்கு அது ஈடாகாது, கூடுதல் காவலாக இருக்கும். முனகலைப் போக்கப் பச்சைக் கம்பியைத் தொடத் தேவையே இல்லை. கித்தார் வயரை மாற்றிப் பாருங்கள். கரண்ட் வயர்களுக்குப் பக்கத்தில் ஓடாமல் தள்ளிப் போடுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து வரும் லைனில் செருகுங்கள். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றிய 'ஹம்பக்கர்' பிக்அப் உள்ள பேஸில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கு வேறொரு பிரச்சினை. தாழ்ந்த ஒலி சுவரைப் பொருட்படுத்தாது. பாடகரின் குரலைத் தடுக்கும் செங்கல் பேஸைத் தடுக்காது. மூன்று வீடு தள்ளித் தூங்கும் குழந்தையின் கட்டில்கூட அதிரும். வீட்டில் பழகுவதற்கு ஹெட்போன் செருகும் துளையுள்ள சின்ன ஆம்ப்ளிஃபையராகப் பார்த்து வாங்குங்கள். சுவரோரம் தரையில் வைக்காமல் ஒரு மர முக்காலியில் வைத்தால் அதிர்வு ஓரளவு குறையும். நம் நாட்டு ஈரக் காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் நான்கு கம்பிகளையும் அடியும் மேலுமாகத் துடைத்து வைக்கப் பழக்குங்கள்.